நஞ்சுண்ட நிலமும் நாட்டரசின் பொருளும்

ஒரு நிலத்தை அரசாங்கம் விலைக்கு வாங்குவது உண்டு. திருத்திக் கொடுப்பதும் உண்டு. ஆனால், அந்நிலத்து மண்ணில் நஞ்சு இருக்கின்றதா இல்லையா என்று ஆராய்வதற்கென்றே பொதுப்பணத்தை ஒதுக்குவது அண்மைக் காலத்து வழக்கம். அமெரிக்க ஐக்கிய நாடுகளில், கூட்டரசு இதற்கென நடத்தும் திட்டம் 1993ஆம் ஆண்டில் கிளீவ்லாந்து நகரை உள்ளடக்கிய கயஹோகா வட்டாரத்தில் தொடங்கிற்று. அதற்குரிய காரணமோ வேறோர் ஊரில் விளைந்தது.

நியூயார்க் மாநிலத்து நயாகரா பால்ஸ் நகரில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் லவ் என்பார் கால்வாய் ஒன்றை வெட்டத் தொடங்கி, முடிக்க இயலாமல் கைவிட்டார். அக்குழியில் 1942 முதல் 1953 வரை ஹூக்கர் இரசாயனக் கம்பெனி ஏறத்தாழ 21,000 டன் கழிவைப் புதைத்தது. பின்னர் மண்ணிட்டு மூடி, அந்நகரின் கல்வி வாரியத்திற்கு ஒரே ஒரு வெள்ளிக்கு விற்றது. பள்ளிக்கூடம் எழுந்தது; சுற்றிலும் வீடுகள் பெருகின. 1970களில் வீடுகளின் நிலவறைகளில் நஞ்சு கசிந்தது. 1978 ஆகஸ்டில் அதிபர் கார்ட்டர் அங்கே நெருக்கடிநிலையை அறிவித்தார். குடும்பங்கள் வீடு வாசலை விட்டு வெளியேறின.

இத்துயரத்தின் விளைவாக 1980 டிசம்பரில் பிறந்ததே 'சூப்பர்பண்டு' எனப்படும் சட்டம். கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் கொள்கை. கழிவைக் கொட்டியவர் மட்டுமன்றி, நிலத்தை இன்று உடையவரும் பொறுப்பாளி ஆனார். சட்டம் வருமுன் நிகழ்ந்த செயலுக்கும் பொறுப்பு உண்டு. பலர் செய்த கேட்டிற்கு ஒருவரிடமே முழுத் தொகையையும் கேட்கலாம்.

நோக்கம் நல்லதே. ஆயினும், பழைய தொழிற்சாலை நிலம் என்றாலே வாங்குவோர் அஞ்சினர். வங்கிகள் கடன் கொடுக்கத் தயங்கின. உடையவரோ மண்ணைச் சோதிக்கவே விரும்பவில்லை. சோதித்தால் அல்லவா தெரிந்துவிடும்! நோய் இருக்குமோ என்று அஞ்சி வைத்தியரை நாடாதவர் நிலைதான் அது. புதுத் தொழில்கள் நகரைத் துறந்து புறநகரின் புல்வெளிகளைத் தேடிச் சென்றன.

கிளீவ்லாந்து இதற்குத் தக்க சான்று. ராக்பெல்லர் 1870இல் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனியை நிறுவிய ஊர் அது. மண்ணெண்ணெயே பெரிதாக மதிக்கப்பட்ட அக்காலத்தில், பெட்ரோல் வேண்டாத கழிவாக ஆற்றில் விடப்பட்டது. கயஹோகா ஆறு பலமுறை தீப்பற்றியது. 1969 ஜூன் 22இல் எரிந்தது நாடெங்கும் பேசப்பட்டது. 1950இல் 914,808 ஆக இருந்த நகர மக்கள்தொகை 1990இல் 505,616 ஆகக் குறைந்தது. தொழில்கள் போயின, கறைபட்ட மண் தங்கிவிட்டது.

இந்நிலையில்தான் கூட்டரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் முதல் முன்னோடி மானியமாக 200,000 வெள்ளி அளித்தது. இது துப்புரவு செய்வதற்கன்று, அறிந்துகொள்வதற்கு. அறிதல் இருபடிகளில் நிகழும். முதற்படியில் மண்வெட்டிக்கு வேலை இல்லை. பழைய பத்திரங்கள், தீக்காப்புறுதிக்கென வரையப்பட்ட படங்கள், முதிய தொழிலாளரின் நினைவு ஆகியவற்றைக் கொண்டு அங்கே சாயப்பட்டறை இருந்ததா, எண்ணெய்த் தொட்டி புதைந்துள்ளதா என்று தேடுவர். உண்மையில் இது வரலாற்று ஆராய்ச்சியே. ஐயம் எழுந்தால் மட்டும் இரண்டாம் படி: துளையிட்டு மண்ணையும் நிலத்தடி நீரையும் எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புவர். ஆராய்ந்தபின் சில இடங்கள் தூயன என்று தெளிவாகும். அங்கே தடையாக நின்றது வெறும் ஐயமே.

2002 ஜனவரியில் நிறைவேறிய சட்டம் இதனை நன்கு உணர்ந்திருந்தது. நஞ்சு உள்ள நிலம் மட்டுமன்றி, இருக்கக்கூடும் என்ற ஐயத்தால் முடங்கிய நிலமும் அதன் இலக்கணத்துள் அடங்கும். வாங்குமுன் முறையாக ஆராய்ந்து, வாங்கியபின் உரிய கடமைகளையும் செய்பவருக்குப் பழைய கேட்டின் பொறுப்பிலிருந்து அச்சட்டம் காப்பளித்தது. முன்பு ஆபத்தாகத் தோன்றிய அறிவே கேடயம் ஆயிற்று. சூப்பர்பண்டு சட்டம் விலக்கி வைத்திருந்த பெட்ரோலியக் கறைக்கும், அதாவது கைவிடப்பட்ட பெட்ரோல் நிலையங்களுக்கும், நிதியில் கால் பங்கு ஒதுக்கப்பட்டது.

2021ஆம் ஆண்டுச் சட்டம் இத்திட்டத்திற்கு 150 கோடி வெள்ளி வழங்கியது. எனினும், துப்புரவுச் செலவு நிலத்தின் விலையை விஞ்சும் ஏழைப் பகுதிகளில், ஆராய்ச்சி அறிக்கை கிடைத்த பின்னும் வாங்குவார் இல்லை. அங்கே நஞ்சின் பெயரும் அளவும் தெரியும். வேலியோ அகற்றப்படாமலே இருக்கின்றது.