துனெயாதெத்ஸ்: சும்மா உண்பவன்

ரஷ்ய மொழியில் சோம்பேறியைச் சுட்டச் சொற்கள் பல உண்டு. சோம்பலைக் குறிக்கும் 'லென்' என்பதிலிருந்து பிறந்த 'லென்த்யாய்' மனத்தின் மந்தத்தையும், விலாவைச் சாய்த்துக் கிடப்பவன் என்று பொருள்படும் 'லெஷெபோக்கா' உடலின் கிடையையும் சொல்கின்றன; இவற்றில் கேலி உண்டேயன்றிப் பகை இல்லை. 'துனெயாதெத்ஸ்' என்னும் சொல்லோ ஒருவன் உழைக்காதிருப்பதோடு நில்லாமல், அவன் உண்ணும் சோற்றையும் கணக்கெடுக்கிறது.

இதன் முன்னுறுப்பான 'துனெ', ரஷ்ய மரபுவழித் திருச்சபையின் வழிபாட்டு மொழியான திருச்சபைச் சிலாவியத்தில் 'விலையின்றி', 'பயனின்றி' என இரு பொருள் தருவது. 'சும்மா கொடுத்தான்', 'சும்மா அலைந்தான்' என்னும் தொடர்களை அறிந்த தமிழருக்கு இவ்விரட்டைப் பொருள் வியப்பளிக்காது. மத்தேயு நற்செய்தியின் 10ஆம் அதிகாரத்தில், இலவசமாகப் பெற்றதை இலவசமாகவே கொடுக்குமாறு இயேசு சீடரைப் பணிக்கும் இடத்தில் அம்மொழி ஆளும் சொல் இதுவே. பின்வரும் 'யாத்' உண்ணுதலைக் குறிக்கும் வேர். இறுதியிலுள்ள 'எத்ஸ்' ஆளைக் குறிக்கும் விகுதி. தமிழின் 'தண்டச்சோறு' ஏறக்குறைய இதே கட்டுடையது. ஆயினும் அது வீட்டு வசவாகவே நின்றுவிட, ரஷ்யச் சொல் சட்டத்துக்குள் நுழைந்தது.

உழைக்காதவன் உண்ணலாகாது என்னும் திருத்தூதர் பவுலின் கருத்தை 1918ஆம் ஆண்டின் சோவியத் ரஷ்ய அரசியலமைப்பும் 1936ஆம் ஆண்டின் சோவியத் ஒன்றிய அரசியலமைப்பும் விதியாகவே ஏற்றன. கடவுளை மறுத்த அரசு திருமறையிடம் கடன் வாங்கியது விந்தைதான். 1961 மே 4 அன்று பிறந்த ஆணை, உழைக்காதோரை 2 முதல் 5 ஆண்டு வரை தொலைவிடங்களுக்கு அனுப்பிக் கட்டாய வேலையில் ஈடுபடுத்த வழிவகுத்தது. அதன்படி 1964 மார்ச்சில் லெனின்கிராடில் 5 ஆண்டுத் தண்டனை பெற்று ஆர்க்காங்கெல்ஸ்க் பகுதிக்கு அனுப்பப்பட்டவர், 1987இல் நோபல் பரிசு பெறவிருந்த கவிஞர் யோசிப் பிராட்ஸ்கி. கவிதை எழுதுவதையும் மொழிபெயர்ப்பதையும் நீதிமன்றம் உழைப்பாகக் கொள்ளவில்லை. எந்த உழைப்பு பயனற்றது என்பதைச் சொல் தீர்மானிப்பதில்லை, அதைக் கையிலெடுத்த அதிகாரமே தீர்மானிக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

சோவியத் ஒன்றியம் கலைந்த பின்னும் சொல் மாயவில்லை. ஆண்டில் போதிய நாட்கள் வேலையில் இல்லாதோர் அரசுக்குப் பணம் செலுத்த வேண்டும் என்று 2015இல் பெலாரூஸ் பிறப்பித்த ஆணை, தன் தலைப்பில் 'சமூகச் சார்பு' என்னும் நாகரிகத் தொடரையே வைத்திருந்தது; மக்களோ அதைத் துனெயாதெத்ஸ் சட்டம் என்றே அழைத்தனர். 2017இல் அதை எதிர்த்து அந்நாட்டு நகரங்களில் நடந்த ஊர்வலங்கள், 'அல்லாத' என்று பொருள்படும் 'நெ' முன்னொட்டுச் சேர்ந்து, 'நெதுனெயாதெத்ஸ்' ஊர்வலங்கள் எனப் பெயர் பெற்றன.