வணிகப் பகுதியில் தொடர் வீடுகள்

ஒரு வீட்டின் பக்கச்சுவரே அடுத்த வீட்டுக்கும் சுவராகவோ, இரண்டு சுவர்கள் விரல் நுழையும் இடைவெளியுமின்றி ஒட்டியோ, தெரு நெடுகிலும் வரிசையாக நிற்கும் வீடுகளைத் தொடர் வீடுகள் என்பர். வாடகைக்கென்று ஒருவரே கட்டி விட்டால் லைன் வீடு என்றும், ஒரு முற்றத்தைச் சூழ அமைந்து பங்காளிகள் குடியிருந்தால் வளவு என்றும் தென்மாவட்டங்களில் வழங்குவதுண்டு. கீழே வியாபாரமும் மேலே குடும்பமுமாக இருப்பதைச் சிங்கப்பூர், மலேயாத் தமிழர் கடைவீடு என்றனர். வணிகத்துக்கென்று சட்டம் ஒதுக்கிய மண்டலத்தில் இவ்வகை வீடுகளை அனுமதிக்கும்படி விதிகளைத் திருத்துவது இன்றைய நகரமைப்பின் முக்கிய விவகாரங்களுள் ஒன்று. பெயரில் இது புதுமை; பொருளில் நம் முன்னோர் வாழ்ந்த தெருவையே சட்டம் மீண்டும் அங்கீகரிப்பதாகும்.

பண்டைய தமிழகத்தில் கடைக்கு ஓரிடம், குடிக்கு ஓரிடம் என்ற பாகுபாடு இருந்ததில்லை. சிலப்பதிகாரம் காட்டும் காவிரிப்பூம்பட்டினத்தின் மருவூர்ப்பாக்கத்தில் நெய்வோரும், பொற்கொல்லரும், குயவரும், மீனும் உப்பும் விற்போரும் தத்தம் தொழிலிடத்திலேயே குடியிருந்தனர். செல்வர் வாழ்ந்த பட்டினப்பாக்கத்திலோ தேரோடும் தெருவையும் வணிகரின் மாடங்களையும் ஒட்டியே கடைத்தெருவும் அமைந்திருந்தது. இரண்டு பாக்கங்களுக்கும் நடுவே மரச்சோலையில் நாளங்காடி கூடிற்று. தொழிலாலும் சாதியாலும் தெருக்கள் பிரிந்திருந்தன என்பது உண்மையே. ஆயினும் ஒரு மனிதனின் பிழைப்பை அவன் அடுப்பிலிருந்து பிரிக்கும் எண்ணம் எவருக்கும் தோன்றவில்லை. மைசூரில் ஆர். சாமசாஸ்திரி 1909இல் பதிப்பித்த பழைய வடமொழி நூலான அர்த்தசாஸ்திரமும் அண்டை வீடுகளுக்கிடையே சில அடி இடைவெளி விதிக்கிறது. அதே இடத்தில் ஒரு கூரை மற்றொன்றின்மேல் கவிவதற்கும் இடந்தருகிறது. ஆகவே வீடு ஒட்டுவது குற்றமன்று, அதனால் அயலானுக்கு உபத்திரவம் நேர்வதே குற்றம் என்பதே அந்நூலின் கருத்து.

ஸ்ரீவில்லிபுத்தூர் ரத வீதிகளின் பழைய வீடொன்றில் நுழைந்து பார்ப்பவருக்கு இந்த நியாயம் நன்கு விளங்கும். தெருவைப் பார்த்த திண்ணை கடையாகிப் பால்கோவாத் தட்டுகள் அடுக்கியிருக்கும். அதைக் கடந்தால் நடை, நடைக்கு அப்பால் பட்டாசாலை, அதன் நடுவே வானம் பார்த்த முற்றம், பிறகு அடுக்களையும் கிணறும், கடைசியில் பின்சந்துக்குத் திறக்கும் கதவு. இருபக்கச் சுவரிலும் சன்னல் வைக்க வழியில்லாத குறையை முற்றம் ஒன்றே தீர்த்துவிடுகிறது. ஓட்டுக்கூரை தெருவுக்கும் முற்றத்துக்கும் மட்டுமே சரிவதால், மழைநீர் அண்டைவீட்டார் சுவரில் ஒரு துளியும் இறங்குவதில்லை. பத்திரத்தில் சக்குபந்தி என்னும் நான்கெல்லை எழுதும்போது பொதுச்சுவர் இன்னாருக்கும் இன்னாருக்கும் பாத்தியப்பட்டது என்று தெளிவாகக் குறிக்காத இடங்களில்தான், உத்திரம் ஏற்றவும் மாடிச் சுவர் எழுப்பவும் யாருக்கு உரிமை என்ற வழக்கு தலைமுறை கடந்தும் தொடர்கிறது. ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் வீட்டோடு சேர்ந்த கூடத்திலேயே விசைத்தறி ஓடி, ஆஸ்பத்திரிகளுக்கான பேண்டேஜ் துணி நெய்யப்படுவதும் இம்மரபின் தொடர்ச்சியே. ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்த மம்சாபுரம் பேரூராட்சியைப் போன்ற ஊர்களில், வாசலில் கடையும் உள்ளே குடும்பமுமாக வாழ்வது இன்றும் சகஜம்.

கடையையும் குடியையும் பிரிக்கும் வழக்கம் மேனாட்டுச் சட்டங்களின் வழியாக வந்தது. 1896இல் பம்பாயில் பரவிய பிளேக் நோய் நெருக்கமான வீடுகளைக் குறித்துப் பெரும் அச்சத்தை விளைவிக்க, 1898இல் அந்நகரச் சீரமைப்பு டிரஸ்ட் தோன்றியது. இங்கிலாந்தின் 1909ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தொடர்ந்து 1915இல் பம்பாயிலும் 1920இல் சென்னை மாகாணத்திலும் நகரமைப்புச் சட்டங்கள் பிறந்தன. 1914-15இல் இங்கு வந்த ஸ்காட்லாந்து அறிஞர் பாட்ரிக் கெட்டீஸ், மதுரை, தஞ்சை முதலிய நகரங்களைக் கால்நடையாகச் சுற்றிப் பார்த்து, பழைய தெருக்களை இடித்துத் தள்ளாமல், சிதைந்தவற்றை மட்டும் அகற்றிச் சிறு திருத்தங்களால் காற்றும் வெளிச்சமும் பெறலாம் என்று அறிக்கை எழுதினார். அவர் சொல்லை அதிகாரிகள் ஏற்றிருந்தால் பிற்காலத்துத் துன்பம் பாதியாகக் குறைந்திருக்கும். அமெரிக்காவிலோ 1916இல் நியூயார்க் நகரம் மண்டல விதிகளை இயற்ற, 1926இல் யூக்ளிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் அம்முறையை உறுதிசெய்தது; தனிவீட்டுப் பகுதியில் எழும் அடுக்குக் குடியிருப்பை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டதும் அத்தீர்ப்புதான். நம் தெருக்களுக்குச் சற்றும் பொருந்தாத உவமை அது.

சுதந்திரத்துக்குப் பின், 1920ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 1971ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் வந்தது. சென்னையின் முதல் முழுமைத் திட்டம் 1975இலும் இரண்டாவது 2008இலும் அமலாயின. இவற்றின் விதிகளில் கவனிக்கத்தக்க ஓர் ஏற்பாடு உண்டு: குடியிருப்பு மண்டலத்தில் அனுமதிக்கப்படும் உபயோகங்கள் வணிக மண்டலத்திலும் அனுமதிக்கப்படும், ஆனால் வணிகம் குடியிருப்புக்குள் அவ்வளவு சுலபமாக நுழைய இயலாது. எனவே, கடைத்தெருவில் வீடு கட்டுவதற்குத் தடையாக நிற்பது மண்டலத்தைவிடப் பக்க இடைவெளி விதியே. சுவரை ஒட்டி எழுப்பும் உரிமையைச் சட்டம் ஜார்ஜ் டவுன், திருவல்லிக்கேணி போன்ற பழைய பகுதிகளுக்குத் தொடர் கட்டடப் பகுதி என்ற பெயரில் அளித்தது. அப்பெயர் பெறாத இடத்தில், குறுகிய மனை உடையவர் பக்கத்தில் இடம் விட்டால் வீட்டுக்கு மிஞ்சும் அகலம் மேலும் குறைந்துவிடும்.

மண்டலத்தையே மாற்ற வேண்டின், நில உபயோக மாற்றம் கோரி விண்ணப்பித்து, பத்திரிகையில் விளம்பரம் செய்து, ஆட்சேபங்களைக் கேட்டு, உரிய ஆணை பெறுதல் வேண்டும்.

அயல்நாடுகளில் இவ்வகை வீடுகளுக்குச் சட்டமே வழி செய்ததுண்டு. சிங்கப்பூரில் 1822இலேயே ஆங்கிலேய ஆட்சியாளர் ராபிள்ஸ், ஒட்டி நிற்கும் வீடுகளின் முன்னால் தொடர்ச்சியான தாழ்வாரம் விடவேண்டுமென விதித்தார்; தமிழர் அஞ்சடி என்று வழங்கும் அப்பாதையில்தான் சிராங்கூன் சாலைக் கடைவீடுகளின் பூக்காரரும் பத்திரிகைக்காரரும் இன்றும் அமர்ந்திருக்கின்றனர். 1989இல் அந்நாட்டு அரசு அச்சாலை அமைந்த லிட்டில் இந்தியாவைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. கலிபோர்னியாவும் 2022இல் சட்டமியற்றி, வணிக நிலங்களில் வீடு கட்டுவதற்கு வழி திறந்தது.

தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் மாநிலம் முழுமைக்கும் பொதுவாக உள்ளன. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குட்பட்ட மனையில் 3,500 சதுர அடிவரை வீடு கட்டுவோர் சுயசான்று அளித்து இணையவழியே உடனடி அனுமதி பெறலாம். இச்சலுகை குடியிருப்புக்கு மட்டுமே உரியது. முன்னால் கடையும் பின்னால் வீடுமாகக் கட்ட விரும்பும் மம்சாபுரத்தார் வழக்கமான முறையிலேயே விண்ணப்பித்தல் வேண்டும்.