பரங்கிமலை வட்டார ஆங்கிலோ இந்தியப் பெண்டிரும் பள்ளிக் கல்வியும்

தாம்பரத்திற்கு வடக்கே அமைந்த பல்லாவரமும் பரங்கிமலையும் ஆங்கிலேயர் காலத்துப் படையிருப்புகளாம். பல்லாவரத்தில் 'வெட்டரன் லைன்ஸ்' என்னும் பெயர் முதுபடைவீரர் குடியிருப்பை இன்றும் நினைவூட்டுகின்றது. ஐரோப்பியத் தந்தையர் வழி தோன்றிய ஆங்கிலோ இந்தியரை நம் மக்கள் உடையால் இனங்கண்டு 'சட்டைக்காரர்' என வழங்கினர். அவ்வழக்கில் சிறிது எள்ளலும் உண்டு. எனினும், இக்குடிப் பெண்டிரை இன்னார் என ஆக்கியது உடையினும் பள்ளியே என்பது எம் துணிபு.

1787-இல் ஆளுநர் காம்பெல்லின் துணைவியார் படைவீரர் பெண்மக்களுக்கெனச் சென்னையில் ஓர் ஆதரவில்லம் நிறுவினார். ஈராண்டு கழித்து எழும்பூரில் ஆண்மக்கள் இல்லம் தோன்றியது. பிள்ளைகளைத் தாய்வழிச் சூழலினின்று விலக்கி வளர்த்தல் அக்கால இல்லங்களின் நோக்கம். எழும்பூர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதும் நம் திண்ணைப்பள்ளி முறையை உவந்து மேற்கொண்டார் என்பது ஈண்டு நகைப்பிற்குரியது. தாயின் எழுதுமுறை ஏற்புடைத்தாயிற்று; தாயின் சூழல் ஆகாதாயிற்று!

பள்ளி தந்த ஆங்கிலம் வீட்டுமொழியாயிற்று. பிழைப்பும் அதுவே ஆயிற்று. செவிலியர், ஆசிரியை, தட்டெழுத்தர், தொலைபேசி இணைப்பாளர் ஆகிய பணிகளில் இப்பெண்டிர் முற்பட நின்றனர். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கவே, நகரத்து அலுவலகங்கள் அணித்தாயின.

இந்நிலை நெடிது நிற்கவில்லை. அரசியலமைப்பின் 336-ஆம் உறுப்பு இரயில்வே, சுங்கம், அஞ்சல், தந்தித் துறைகளில் அளித்த சலுகையும், 337-ஆம் உறுப்பு பள்ளிகளுக்கு அளித்த நன்கொடையும் முறையே ஈராண்டிற்கு ஒருமுறையும் மூன்றாண்டிற்கு ஒருமுறையும் பத்து விழுக்காடு குறைந்து, 1960-இல் அற்றன. அதற்கு முன்னரே, 1956-இல், தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்துவிட்டது. நடுவணரசின் வாயில் அடைபட்ட காலமும், மாநில அரசின் வாயிலுக்குத் தமிழே திறவுகோலான காலமும் ஒன்றே. அத்திறவுகோலைப் பள்ளி இம்மாணவியர் கையில் தரவில்லை. நன்கொடை பெறும் பள்ளிகள் நூற்றுக்கு நாற்பது இடமேனும் பிற வகுப்பினர்க்குத் திறந்து வைத்தல் வேண்டும் என்பதும் விதி. அவ்வழி ஆங்கிலத்தின் பயனைத் தமிழ்ச் சிறாரும் பெற்றனர். தமிழின் பயன் மட்டும் அவ்வாறு மறுபுறம் செல்லவில்லை.

பெண்டிர்க்கு இன்னுமொரு முட்டுப்பாடு உண்டு. 366-ஆம் உறுப்பு தந்தை வழியையே கொண்டு ஆங்கிலோ இந்தியரை வரையறுக்கின்றது. ஆதலின் தமிழரை மணந்த மகளின் மக்கள், தாயின் பள்ளியிலேயே பயின்று தாயின் மொழியையே பேசினும், அவ்வினத்தார் ஆகார்.

2006-ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் இப்பள்ளிகளிலும் தமிழைக் கட்டாயமாக்கியது. அவ்வாண்டு முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டிற்கொரு வகுப்பாக ஏறி, 2015-16-இல் பத்தாம் வகுப்பை எட்டுமாறு அது வகுக்கப்பட்டது.