சித்தூர் வக்கீலும் கட்சிக்காரரின் நம்பிக்கையும்

வட ஆர்க்காடு, கடப்பை, நெல்லூர் ஆகிய ஜில்லாக்களின் பகுதிகளைச் சேர்த்து 1911 ஏப்ரல் 1-ஆம் நாள் சித்தூர் ஜில்லா அமைக்கப்படுவதற்கு முன்பே, வட ஆர்க்காட்டின் தலைநகராக விளங்கிய சித்தூரில் வக்கீல் தொழில் நன்கு வேரூன்றியிருந்தது. பின்னாளில் மக்களவையின் சபாநாயகராக உயர்ந்த திருச்சானூர் அனந்தசயனம் அய்யங்காரும் அவ்வூரில் வக்கீலாகத் தொழில் நடத்தியவரே. சென்னைப் பட்டணத்தில் பத்திரங்களைத் தயாரிக்க அட்டர்னியும், நீதிமன்றத்தில் வாதாட வேறொருவரும் இருந்த காலத்தில், சித்தூர் வெல்லமண்டி வியாபாரி தன் கிரயத்துக்கும் அடமானத்துக்கும் கூட்டு வியாபார உடன்படிக்கைக்கும், அவற்றால் பின்னர் எழும் வியாஜ்யத்துக்கும் ஒரே வக்கீலையே நாடவேண்டியிருந்தமையால், அவ்வக்கீலின் பொறுப்பும் இரட்டித்தது.

அப்பொறுப்பைச் சட்டம் படிப்படியாக வரையறுத்தது. கட்சிக்காரர் தம் சொத்தைத் தம் வக்கீலுக்கே விற்றிருந்து, பின்னர் அவ்விற்பனையின் நேர்மையைக் குறித்துத் தாமே வழக்குத் தொடுத்தால், அந்நேர்மையை நிரூபிக்கும் பாரம் வக்கீலையே சாரும் என்பதை 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் உதாரணம் காட்டியே விளக்கிற்று. வக்கீல் என்ற ஒரே காரணத்தால் எவரும் தம் அஜாக்கிரதையினால் விளைந்த நஷ்டத்துக்குப் பதில் சொல்லாமல் தப்ப இயலாது என்று 1926-ஆம் ஆண்டின் வக்கீல்கள் கட்டணச் சட்டம் விதித்தது. வழக்கு நடத்தும் வக்கீல்களுக்கு இங்கிலாந்தில் இருந்துவந்த அத்தகைய விலக்கை அந்நாட்டின் பிரபுக்கள் சபை 2000-ஆம் ஆண்டிலேதான் நீக்கியது என்பதை எண்ணும்போது, நம் நாட்டுச் சட்டத்தின் தொலைநோக்கு வியக்கத்தக்கது.

பத்திரங்களை ஜாக்கிரதையாக ஆராயும் வக்கீலின் கடமையின் அருமையைத் திருப்பதியில் மனை வாங்குவோர் நன்கு உணர்வர். 1843 முதல் 1933 வரை திருமலைக் கோயிலின் நிர்வாகம் ஹாதிராம்ஜி மடத்து மஹந்துகளிடம் இருந்த அந்நகரில், ஒரு நிலம் தனியாருடையதா, தேவஸ்தானத்துடையதா, மடத்துடையதா, இனாமாக வந்ததா என்பதைப் பதிவான பரிவர்த்தனைகளை மட்டுமே காட்டும் வில்லங்கச் சான்றிதழ் தானே சொல்லிவிடாது. அறநிலைய ஸ்தாபனங்களின் நிலத்தை முன் அனுமதியின்றி விற்பது செல்லாது என்று 1987-ஆம் ஆண்டின் ஆந்திரச் சட்டம் கூறுவதால், தமிழிலும் தெலுங்கிலும் எழுதப்பட்ட மூலப் பத்திரங்களையும் வருவாய்த்துறைக் கணக்குகளையும் ஒப்புநோக்காமல் சட்ட அபிப்பிராயத்தில் கையெழுத்திடும் வக்கீல், கட்சிக்காரரின் ஆயுட்காலச் சேமிப்பையே அபாயத்துக்குள்ளாக்குகிறார்.

அஜாக்கிரதைக்காகக் கட்சிக்காரர் வக்கீல்மீது வழக்குத் தொடரலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1988-இல் உறுதிசெய்தது. ஹைதராபாத்தில் வீட்டுக் கடன்களுக்காக வங்கியொன்றுக்கு அபிப்பிராயம் வழங்கிய வக்கீலைப் பற்றிய 2012-ஆம் ஆண்டுத் தீர்ப்பில், தவறான அபிப்பிராயம் மட்டுமே சதிக்குற்றம் ஆகிவிடாது என்றும், பெரும் அஜாக்கிரதை நிரூபணமானால் அவர் அதற்குப் பொறுப்பாகலாம் என்றும் அந்நீதிமன்றம் வேறுபடுத்திக் காட்டியது. நுகர்வோர் சட்டம் வக்கீல்களைக் கட்டுப்படுத்தாது என்று 2024 மே 14-ஆம் நாள் தீர்ப்பான பின்னும், சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரும் உரிமை கட்சிக்காரருக்கு உண்டு.

ஆயினும் வழக்கும் நஷ்டஈடும் தீங்கு நேர்ந்த பின்னரே வருபவை. ஆகையால், சொத்து வாங்குவோர் தம் வக்கீலிடம் அபிப்பிராயத்தை எழுத்து மூலமாகக் கேட்டுப் பெறவேண்டும். வக்கீல்களோ, தாம் நேரில் படித்துப் பார்க்காத பத்திரத்தைக் குறித்து ஒரு வரியும் எழுதலாகாது.