ஆரணிச் சீமையும் ஒரு போர்க்கப்பல் பெயரும்: ‘கர்நாடிக்’ (1783–1942)

பட்டு நெசவால் பேர் பெற்ற ஆரணி, பதினெட்டாம் நூற்றாண்டில் இருமுறை போர்க்களமானது. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் இங்கே சந்தா சாகிபின் மகன் ராசா சாகிபின் படையை முறியடித்தார். 1782 ஜூன் 2 அன்று ஆங்கிலேயத் தளபதி சர் அயர் கூட், மைசூரின் ஹைதர் அலியோடு இங்கே மோதினார். ஆரணியில் ஹைதர் வைத்திருந்த தளவாடக் கிடங்குதான் கூட்டின் குறி. அது அவர் கைக்கு எட்டவில்லை. ஆரணி ஜாகீர் அடங்கிய ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிப் பரப்பை ஆங்கிலேயர் ‘கர்நாடிக்’ என்று அழைத்தனர். இன்றைய கர்நாடக மாநிலம் வேறு.

ஆரணிப் போருக்கு ஏழு மாதங்கள் கழித்து, 1783 ஜனவரியில், தேம்ஸ் ஆற்றங்கரையில் உள்ள டெட்ஃபோர்டில் 74 பீரங்கிகள் கொண்ட ‘கர்நாடிக்’ நீரில் இறங்கியது. அமெரிக்க விடுதலைப் போரில் பிரான்சும் இறங்கியதால் பிரிட்டிஷ் கடற்படைக்குக் கப்பல் பற்றாக்குறை ஏற்பட்டிருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனி மூன்று கப்பல்களைத் தன் செலவில் கட்டி அளித்தது. மற்ற இரண்டும் ‘கேஞ்சஸ்’, ‘பாம்பே காஸில்’. இவை 1782-இலேயே நீரில் இறங்கிவிட்டன. ‘கேஞ்சஸ்’ கப்பலுக்கு முதலில் குறித்த பெயர் ‘பெங்கால்’. வங்காளம், பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணங்களும் இப்பெயர்களில் தெரிகின்றன. ஆனால் சென்னையின் இடத்தில் ‘மெட்ராஸ்’ இல்லை, ‘கர்நாடிக்’ இருக்கிறது. அப்போது அந்நாடு சட்டப்படி நவாப் முகமது அலியுடையது. கம்பெனி அதன் ஆட்சியைக் கைக்கொண்டது 1801-இல்தான். நாடு கைக்கு வருவதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே அதன் பெயரைத் தன் பரிசுப் பொருளில் பொறித்துக்கொண்டது கம்பெனி. உரிமை கொண்டாடும் மனநிலைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை என்பது என் கருத்து.

1815-இல் அந்தக் கப்பல் பெயரை இழந்தது. 1797-இல் செயின்ட் வின்சென்ட் முனைப் போரில் நெல்சன் இருந்து போரிட்ட ‘கேப்டன்’, 1813-இல் பிளிமத்தில் தீக்கிரையானது. அப்புகழ்பெற்ற பெயர் பட்டியலிலிருந்து மறைந்துவிடக் கூடாதென்று ‘கர்நாடிக்’குக்கு அதைச் சூட்டினர். பிரிட்டிஷ் கடற்படை மரபில் போரில் ஈட்டிய பெருமை கப்பலின் உடலுக்கன்று, பெயருக்கே உரியது. அதே பெயரில் வரும் அடுத்த கப்பலுக்கு அது வழிவழியாகச் சேரும். எனவே எப்பெயர் மீண்டும் வரும், எது விடுபடும் என்பதில் ஒரு தரவரிசை உண்டு. நெல்சனின் பெயருக்கு முன் நம் சீமையின் பெயர் விலகி நின்றது. ‘மெட்ராஸ்’ பெயருக்கும் இதே கதி நேர்ந்தது. அப்பெயரில் பம்பாயில் கட்டவிருந்த 80 பீரங்கிக் கப்பல், 1843-இல் சிந்துவில் ஆங்கிலேயத் தளபதி நேப்பியர் வென்ற மியானிப் போரின் நினைவாக ‘மியானி’ ஆகி 1848-இல் நீரில் இறங்கியது.

1823-இல் போர்ட்ஸ்மத்தில் இரண்டாம் ‘கர்நாடிக்’ பிறந்தது. 1855-இல் கடைசி நவாப் குலாம் கௌஸ் கான் மறைந்ததும் கம்பெனி நவாப் பட்டத்தையே ஒழித்தது. கப்பலோ 1860-இல் நிலக்கரிக் கிடங்காகி, 1914 வரை கடற்படையின் கணக்கில் நீடித்தது. இதற்கிடையே பி அண்ட் ஓ நிறுவனத்தின் ‘கர்நாடிக்’ நீராவிக் கப்பல் 1869-இல் செங்கடலில் பவளப்பாறையில் மோதி மூழ்கியது. ஜூல் வெர்னின் ‘எண்பது நாட்களில் உலகைச் சுற்றி’ நாவலில் நாயகனின் பணியாள் பாஸ்பார்த்து ஹாங்காங்கிலிருந்து யோகோஹாமாவுக்குப் போவது ‘கர்நாடிக்’ என்ற கப்பலில்தான்.

மூன்றாவது போர்க்கப்பல் 1942-இல் வந்தது. ‘நியூஹேவன்’ என்ற ஆங்கிலத் துறைமுகப் பெயரோடு கட்டத் தொடங்கிய கண்ணிவாரிக் கப்பல், ராயல் இந்தியக் கடற்படைக்கு ஒதுக்கப்பட்டதும் ‘கர்நாடிக்’ ஆனது. கொங்கண், குமாவூன், ஒரிசா, மால்வா என அதன் உடன்பிறப்புகளுக்கும் வட்டாரப் பெயர்களே. ஆனால் நிர்வாக வரைபடத்தில் அப்போது கர்நாடிக் என்று ஒரு வட்டாரமே கிடையாது.

விடுதலை பெற்ற இந்தியாவும் பெயர்களை மறுமுறை சூட்டும் வழக்கத்தைத் தொடர்கிறது. பிரிட்டனின் ‘நைஜீரியா’ 1957-இல் ‘மைசூர்’ ஆனது. 1999-இல் புதிய நாசகாரிக் கப்பல் அப்பெயரை ஏற்றது. 1961-இன் ‘விக்ராந்த்’ பெயர் 2022-இல் திரும்பியது. 1942-இல் ஆஸ்திரேலியாவில் கட்டிய கப்பல் ‘மெட்ராஸ்’ என்ற பெயரைத் தாங்கியது. 2016-இல் படையில் சேர்ந்த நாசகாரிக் கப்பலின் பெயரோ ‘சென்னை’. ‘கர்நாடிக்’ என்ற பெயரில் இன்று இந்தியக் கடற்படையிலும் கப்பல் இல்லை, பிரிட்டிஷ் கடற்படையிலும் இல்லை.