படத்தை வைத்து அளக்கலாமா?

அத்திபெலேயில் விரிசல் விட்ட ஒரு கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தேன். "டேப் வேண்டாமா சார்?" என்றார் காவலாளி.

1858-ல் ஜெர்மனியின் வெட்ஸ்லர் தேவாலயத்தை அளக்கப் போன ஆல்பிரெக்ட் மைடன்பாவர் மேலிருந்து விழப் பார்த்தார். தப்பியவருக்கு, படமெடுத்து அதிலேயே அளந்தால் என்ன என்று தோன்றியது. 1885-ல் பெர்லினில் இதற்கென்றே ஓர் அரசு நிறுவனம் வந்தது.

இரண்டு இடங்களிலிருந்து எடுத்த படங்களில் ஒரே புள்ளிக்குக் கோடு இழுத்தால், வெட்டும் இடம்தான் அந்தப் புள்ளி. நிஜ அளவு ஒன்றாவது தெரிந்தால்தான் அடிக்கணக்கு வரும். ஆக, டேப்பும் வேண்டும்!

ஊரில் எங்கள் வீட்டை இடித்தபிறகு ஆல்பத்தைத் தேடினால், எல்லாப் படத்திலும் மனிதர்கள்தான். வீடு முழுசாக ஒன்றில்கூட இல்லை. அடுத்த முறை ஊருக்குப் போனால் வீட்டை நாலு பக்கமும் எடுத்து வையுங்கள். வாசற்கதவின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.