தமிழ்நாட்டில் தொடக்கப்பள்ளி நூலகங்கள்

தொடக்கப்பள்ளி நூலகம் என்பது ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை பயிலும் மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும் பயன்படுத்துவதற்காகப் பள்ளியிலேயே அமைக்கப்படும் நூல் தொகுப்பாகும். தமிழ்நாட்டின் சிற்றூர்ப் பள்ளிகளில் இது பெரும்பாலும் தனி அறையாக இருப்பதில்லை. ஓர் இரும்பு பீரோ, ஒரு மரப்பெட்டி அல்லது சுவரோரம் கட்டிய கயிற்றில் தொங்கும் புத்தகங்கள், இவையே நூலகம். தனி நூலகரும் கிடையாது. தலைமையாசிரியரோ உதவி ஆசிரியரோ அப்பொறுப்பையும் சேர்த்துப் பார்க்கிறார்.

சேதுச் சீமைப் பின்னணி

ராமநாதபுரம் பகுதிக்கு நூற்பற்று புதிதன்று. சேதுபதி மரபைச் சார்ந்த பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது அதனுடன் ஒரு நூலகத்தையும் ஏற்படுத்தினார். ஆனால் அது புலவர்களுக்கான நூலகம். ஊர்க் குழந்தைக்கு நூல் கிடைப்பது தனி மனிதர்களின் நல்ல மனத்தைப் பொறுத்தே இருந்தது. 1931இல் ராமேசுவரத்தில் பிறந்த ஆ. ப. ஜெ. அப்துல் கலாம், தம் ஊரில் எஸ். டி. ஆர். மாணிக்கம் என்பவர் வீட்டில் வைத்திருந்த நூல்களைச் சிறு வயதில் வாங்கிப் படித்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் நன்றியுடன் குறிப்பிட்டுள்ளார். அப்படி ஒருவர் எல்லாத் தெருவிலும் இருப்பதில்லை. அந்த இடத்தை நிரப்புவதே பள்ளி நூலகத்தின் பணி.

மங்களநாதர் கோயிலாலும் மரகத நடராசர் திருமேனியாலும் பெயர்பெற்ற உத்தரகோசமங்கையை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் மழையை நம்பிய வேளாண்மை. மாவட்ட மைய நூலகம் ராமநாதபுரத்தில் உள்ளது. ஏழு வயதுக் குழந்தை தனியே பேருந்தேறி அங்கே போய்வர முடியாது. பெற்றோர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு அழைத்துச் செல்வதும் எளிதன்று. இத்தகைய ஊர்களில் நடந்து போய்ப் புத்தகம் எடுக்கும் இடமாக இருக்கக்கூடியது பள்ளிதான்.

வளர்ச்சி

சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. 1931இல் அவருடைய நூலகவியல் ஐந்து விதிகள் நூலாக வெளிவந்தன. நூல்கள் காத்து வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் கருத்து. அதே ஆண்டில் மன்னார்குடி அருகே மேலவாசலில் எஸ். வி. கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நடமாடும் நூலகம் நடத்தினார். 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. வீட்டு வரியுடன் நூலக வரியும் வசூலிக்க அது வழிசெய்தது. ஆனால் அச்சட்டம் பொது நூலகங்களுக்கானது. பள்ளி நூலகங்கள் அதற்குள் வரவில்லை.

1958 முதல் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பொதுமக்கள் தம் ஊர்ப் பள்ளிகளுக்குப் பொருளாக வழங்கினர். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை அடுத்து வந்த கரும்பலகைத் திட்டத்தில், தொடக்கப்பள்ளிக்குரிய அடிப்படைப் பொருள்களுள் நூலகப் புத்தகங்களும் சேர்க்கப்பட்டன. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, ஒவ்வொரு பள்ளியிலும் செய்தித்தாள், இதழ்கள், கதைப் புத்தகங்கள் உள்ளிட்ட நூல்கள் கொண்ட நூலகம் இருக்க வேண்டும் என்கிறது. அதன்பின் நூலகம் சலுகையன்று, குழந்தையின் உரிமை.

மாணவர்களுக்கு

பாடநூலில் குழந்தை படிப்பது கேள்விக்கு விடை சொல்வதற்காக. கதைப் புத்தகத்தைப் படிப்பது அடுத்து என்ன நடந்தது என்று அறிவதற்காக. எழுத்துக்கூட்டிப் படிப்பவர் சரளமாகப் படிப்பவராக மாறுவது இந்த இரண்டாவது வகைப் படிப்பினால்தான். 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தில் வெளியான சிறு நூல்கள் 'நுழை, நட, ஓடு, பற' என நான்கு படிநிலைகளில் அமைந்துள்ளன. ஐந்தாம் வகுப்பில் இருந்தும் எழுத்துத் தடுமாறும் மாணவர், வெட்கமின்றி எளிய நூலில் தொடங்க இது உதவுகிறது. வீட்டுக்குச் செல்லும் புத்தகம் ஒருவரோடு நிற்பதும் இல்லை. தம்பியும் பாட்டியும் சேர்ந்து கேட்கிறார்கள்.

ஆசிரியர்களுக்கு

ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் இரண்டு மூன்று வகுப்புகளை ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். ஒரு வகுப்பு அமைதியாகப் படித்துக்கொண்டிருக்கும்போதுதான் இன்னொரு வகுப்புக்குப் பாடம் நடத்த முடியும். அவ்வகையில் நூலகம் ஆசிரியருக்கு மற்றொரு கை. ஐயம் தீர்க்க அகராதியும், பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு பத்துத் தொகுதிகளாக வந்த 'குழந்தைகள் கலைக்களஞ்சியம்' போன்ற நூல்களும் துணைசெய்யும். 2022இல் பள்ளிக் கல்வித் துறை மாணவர்களுக்கென 'ஊஞ்சல்', 'தேன்சிட்டு' இதழ்களையும் ஆசிரியர்களுக்கென 'கனவு ஆசிரியர்' இதழையும் தொடங்கியது.

பூட்டிய பீரோ

பல பள்ளிகளில் புத்தகம் இல்லாதது குறையன்று. இருந்தும் குழந்தையின் கைக்கு வராததே குறை. காரணம் சோம்பல் மட்டுமல்ல. இருப்புப் பதிவேட்டில் ஏறிய ஒவ்வொரு நூலுக்கும் தலைமையாசிரியர் பொறுப்பு. தணிக்கையில் எண்ணிக்கை குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவரே. எனவே கிழியுமே, தொலையுமே என்ற அச்சத்தில் பீரோ பூட்டப்படுகிறது. சில ஆண்டுகளில் கரையானும் ஈரமும் அந்தப் புத்தகங்களை முடித்துவிடுகின்றன. பதிவேட்டில் மட்டும் எண்ணிக்கை சரியாக இருக்கும்.

இதற்கு வழி உண்டு. அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் 'புத்தகப் பூங்கொத்து' திட்டம், நூல்களை வகுப்பறையிலேயே குழந்தைகளின் பார்வையில் படுமாறு வைக்கச் செய்தது. ஒரு நாற்பது பக்க நோட்டில் பெயர், புத்தகம், எடுத்த நாள், திருப்பிய நாள் என நான்கு கோடுகள் போட்டால் போதும். நான்காம், ஐந்தாம் வகுப்பு மாணவர்களே அதை நடத்திவிடுவார்கள். கிழிந்த பக்கத்தை ஒட்டக் கற்றுக்கொடுப்பதும் ஒரு பாடமே. படித்துக் கிழிந்த நூல்களை முறையாகப் பதிவேட்டிலிருந்து நீக்க ஆசிரியருக்குத் துணைநிற்பது மேலதிகாரிகளின் கடமை. கிழியாத புத்தகங்கள் நிறைந்த பீரோவைவிட, ஓரம் மடங்கிய புத்தகங்கள் தொங்கும் கயிறே நல்ல நூலகம்.